எழுந்திருக்க மாட்டேன் என்ற பிணம்

என் அக்கா மகள் மாமியாருக்குப் பாலில் விஷம் கலந்த மறுநாள், திருவள்ளூர் மார்க்கெட்டில் காய்க்காரம்மா எனக்கு அழுகல் தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டாள். "அந்த ராங்கிக்காரி உங்கூட்டுப் பொண்ணுதான?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் குடும்ப மூக்கு டிவியில் வில்லத்தனமாகத் தெரியும். என் முகத்தில் அது வெறும் சளி பிடிக்கும் உறுப்பு.

அக்கா மகள் சீரியல் நடிகை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நகைக்கடை விளம்பரத்தில் பின்வரிசை மணப்பெண்ணாக நின்றாள். அப்புறம் ஒரு சீரியலில் கதாநாயகியின் தோழிக்குத் தோழி. அப்புறம் யாரோ ஒருவர், "இந்தப் பொண்ணுக்கு நல்லா முறைக்க வருது" என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மூன்று வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம், தமிழ்நாட்டை முறைத்துக்கொண்டிருந்தாள். தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்குக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. அவர் கொண்டுபோகும் டிபனை யாரும் பங்கு கேட்பதுமில்லை. பாலில் விஷம் வைத்தவள் புளிசாதத்தில் வைக்க மாட்டாளா?

காக்களூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் நான் கணக்குப் பார்த்தேன். கம்பெனியை இழுத்துப் பூட்டியதும், வேலையில்லாத தாய்மாமன் என்ற பதவிக்கு உயர்ந்தேன். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். தெரிந்தவர்கள், "உங்க கட்டுரை வந்திருந்ததே, பார்த்தேன்" என்பார்கள். படித்தேன் என்று சொன்னவர் குறைவு. சிரித்தேன் என்றவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகாத பெண் தனியாக ஷூட்டிங் போகக்கூடாது என்று அக்கா உத்தரவு போட, துணைக்கு நான். செட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் தலையணை சைஸில் ஒரு ருஷ்ய நாவல். லைட்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் நான் மாமா.

அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

"மாமா, நீங்க ஒவ்வொரு டயலாக்குக்கும் கண்ணை மூடிக்கிறீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"தமிழ் கஷ்டப்படறதைப் பார்க்கச் சகிக்கலை."

"அந்தத் தமிழ்தான் உங்க பஸ் காசு, டிபன் எல்லாம்."

நான் ருஷ்ய நாவலில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன்.

போன மாசம் அவளுக்கு ஒரு சினிமா வாய்ப்பு வந்தது. கதாநாயகனின் தங்கை. முறைக்க வேண்டாம், சிரித்தால் போதும். சீரியல் மேனேஜரிடம் போய், விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அந்த ஆளின் முகத்தை நான் மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். யாருக்காவது நல்லது நடந்தால் அதற்கு அஜீரணம் வந்துவிடும். "போ, தாராளமாப் போ. ஆனா உசுரோட விட முடியாது" என்றான். சீரியலில் ஒரு பாத்திரம் வெளியே போவதற்கு இரண்டே வழி. ஒன்று அமெரிக்கா, இன்னொன்று லாரி. அமெரிக்கா போனவள் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்ற நப்பாசை இருக்கும். எனவே லாரி.

சாவுக் காட்சி என்றால் எங்கள் பக்கத்தில் நடித்துப் பிழைப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர், எழுந்திருப்பதற்கு முன்னால், படுத்த இடத்திலேயே கேமராவைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சாவைப் பார்த்த அதே கேமரா அந்தச் சிரிப்பையும் பார்க்க வேண்டும். எழுந்துவிட்டால் செல்லாது. இந்த ஷாட் எங்கேயும் ஒளிபரப்பாகாது. ஆனால் எடுக்காமல் விட்டால் அவரை வைத்து அடுத்த படம் தொடங்க ஒருவனும் துணிய மாட்டான். சினிமா தயாரிப்பாளர் போனிலேயே சொல்லிவிட்டார்: "சாவு சீன் முடிச்ச கையோட நம்ம பூஜைக்கு வர்றம்மா நீ. சிரிப்பு ஷாட்டை இன்னிக்கே அனுப்பிடு. வரலைன்னா வருத்தப்படாதே, வேற பொண்ணு பாத்து வச்சிருக்கேன்." பூஜை மறுநாள் காலை.

ஊத்துக்கோட்டை ரோட்டில் வாடகைக்கு எடுத்த பங்களா. கூடத்தில் ஐஸ் பெட்டி. சீரியல்காரர்கள் செய்துவைத்த பெட்டி இல்லை, ஊத்துக்கோட்டையிலிருந்து வாடகைக்கு வந்த அசல் பெட்டி. அதன் சொந்தக்காரர் தடித்த மனுஷன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். கரண்ட் போடாத பெட்டிக்குள் என் அக்கா மகள், நெற்றியில் மஞ்சளும் காசும், மூக்கில் பஞ்சு. சுற்றி எட்டுப் பேர் கிளிசரின் விட்டு அழுதார்கள். மாமியார் வேஷக்காரம்மா மட்டும் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள் என்று நினைக்கிறேன்.

கடைசி ஷாட் ஓகே ஆனதும் மேனேஜர் கை தட்டினான். "பேக்கப்!"

பெட்டிக்குள்ளிருந்து குரல். "சார், சிரிப்பு ஷாட்."

"அதெல்லாம் கம்பெனியில இருக்கறவங்களுக்கு. நீதான் பெரிய ஸ்க்ரீனுக்குப் போயாச்சே."

"சார், அவங்க கேட்டிருக்காங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. தெரிஞ்சுதான் சொல்றேன். லைட்டை இறக்குங்கப்பா."

லைட்மேன்கள் லைட்டை இறக்கவில்லை. பெட்டியின் கண்ணாடி மூடி பாதி திறந்திருந்தது. அவள் கையைக்கூட அசைக்கவில்லை. "அப்ப நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றாள்.

நான் நாவலை மூடிவிட்டு எழுந்து போனேன். படித்தவன் என்ற முறையில் ஏதாவது யோசனை சொல்ல வேண்டுமே. "நான் வேணா போனில் எடுத்துடட்டுமா?" என்றேன். செட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. பிணமும் பார்த்தது.

"மாமா, அது வேற கேமரா. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா சும்மா உக்காருங்க."

மேனேஜர் சிரித்தான். "படு, படு. பங்களாக்காரன் சாயந்தரம் பூட்ட வருவான். பெட்டியோட பூட்டிட்டுப் போறேன்."

அப்போதுதான் பெட்டிக்காரரின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு மேனேஜரிடம் வந்தார். "சார், பொட்டி வேணும். திருவள்ளூர் தாண்டி ஒரு பெரியவர் பூட்டாரு. ஊட்ல வச்சிக்கினு கீறாங்க."

"அந்தப் பொண்ணை எழுந்திருக்கச் சொல்லு, எடுத்துக்கோ."

பெட்டிக்காரர் குனிந்தார். "எழுந்துரும்மா. நெஜப் பொணம் வெயிட்டிங்."

"சிரிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன் அண்ணே. அந்தக் கேமராவை ஆன் பண்ணச் சொல்லுங்க."

"இன்னா சார் இது பேஜாரு!" என்று மேனேஜரிடம் திரும்பினார். "எங்க ஊர்ல பொட்டியில படுத்தவன் எவனும் கண்டிஷன் போட்டதில்ல. கேமராவப் போடேன், சிரிச்சிட்டுப் போவட்டும்."

"நீ யாருய்யா எனக்குச் சொல்ல?"

"நானா? பொட்டி ஓனரு. நேரம் தாண்டிச்சுன்னா அந்தச் சாவூட்டு ஜனத்த வேன்ல ஏத்தி இங்க இட்டாந்துருவேன். அவங்க கையில சொல்லிக்கோ."

மேனேஜருக்கு அஜீரணம் வந்த முகம். கேமராமேன் யாரும் சொல்லாமலே கேமராவைப் பெட்டியின் மேல் திருப்பிவிட்டார். "சரி. சீக்கிரம் சிரிச்சுத் தொலை" என்றான் மேனேஜர்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் முறைத்த முகம், அந்த அரைமணி நேரமும் முறைத்தபடியே படுத்திருந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தாள். விஷம் கலக்கும் போது வருமே, அந்தச் சிரிப்புதான் வந்தது. "இதை அனுப்பினா பூஜையில தேங்காயே வெடிச்சுடும்" என்றார் கேமராமேன். "மாமா, நீங்கதானே காமெடி எழுதறவரு? ஒண்ணு எடுத்து விடுங்க."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை. தொண்டையைச் செருமினேன். "ஒருத்தர் டாக்டர்கிட்ட போய், 'டாக்டர், நான் செத்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு'ன்னாராம். 'எப்பலேருந்து?'ன்னு டாக்டர் கேட்டாராம். 'வீட்டுல எல்லாரும் நான் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்க ஆரம்பிச்சதுலேருந்து'ன்னாராம்."

மாமியார் வேஷக்காரம்மா இருமினாள். "அதாவது, உயிரோட இருக்கும்போது யாரும்..." என்று விளக்க ஆரம்பித்தேன்.

"வேணாம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் பெட்டிக்காரர். "உன்ன அந்தச் சாவூட்டுக்கு இட்டுக்கினு போறேன். பெரியவர் காதுல இத்த ஒரு தபா சொல்லு. எழுந்து அவரே சுடுகாட்டுக்கு நடந்து பூடுவாரு. எனக்கும் பொட்டி தூக்குற வேல மிச்சம்."

பெட்டிக்குள் ஏதோ வெடித்தது. நெற்றிக்காசு தெறித்துக் கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது. ஒரு பக்க மூக்குப் பஞ்சு பறந்தது. கண்ணில் தண்ணீர் வர, பெட்டி குலுங்க, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். சரியாகச் சொன்னால் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து. இவ்வளவு முழுமனசாக என்னை யாரும் கேலி செய்ததில்லை. "கட்!" என்றார் கேமராமேன். மானிட்டரில் ஓடியதை அவரே அவள் போனில் பிடித்துக் கொடுக்க, பெட்டியை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே அவள் சினிமா தயாரிப்பாளருக்கு அனுப்பிவிட்டாள்.

மேனேஜர் கடைசியாக ஒரு காரியம் செய்தான். எங்களைக் கொண்டுவிட வேண்டிய காரைத் திருப்பி அனுப்பிவிட்டான். எனவே பெட்டி வண்டியின் முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து திருவள்ளூருக்குக் கிளம்பினோம். ஷேர் ஆட்டோவில் எதிரே வந்த பெண்கள் அவளை அடையாளம் கண்டு, நெற்றி மஞ்சளையும் பின்னால் இருந்த பெட்டியையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பாதி வழியில் போன் மினுங்கியது. படித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"காலைல ஆறு மணிக்கு வரணுமாம். மஞ்சள் புடவை." கொஞ்ச தூரம் போனதும், "மாமா, நாளைக்கு நீங்க வர வேணாம். நான் தனியாப் போய்க்கிறேன்" என்றாள்.

"அக்கா கேட்டா?"

"நீங்க வந்தீங்கன்னு சொல்லிடறேன். நீங்க லைப்ரரியில போய் உக்காருங்க. அங்க யாரும் நடிக்க மாட்டாங்க, நீங்க கண்ணை மூடிக்க வேண்டியதில்லை."

மூன்று வருஷ வேலை இப்படி ஊத்துக்கோட்டை ரோட்டில் போனது. மூடிக் கம்பெனியிலாவது கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பெட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சார், அந்த டாக்டர் கதைய இன்னொரு தபா சொல்லு. வண்டி ஓட்டச் சொல்லோ தூக்கம் வராம இருக்கும்."

சொன்னேன். கடைசி வரி வரைக்கும் கவனமாகக் கேட்டார்.

"இப்பவும் வரல சார்."

அதாவது, உயிரோட இருக்கும்போது வீட்டுல யாரும், என்று நான் ஆரம்பிக்க, அவள் மீதமிருந்த மூக்குப் பஞ்சைப் பிடுங்கி, இரண்டாகக் கிழித்து, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டாள்.