கழுத்துக்குக் கீழே மாமா

ஆவடியில் ஒரு நாற்சந்தியில் வெண்கலத்தில் ஒரு தளபதி நிற்கிறார். அவருக்குக் கழுத்துக்கு மேலேதான் தளபதி, கீழே என் தாய்மாமா. இதை நான் நான்காம் வகுப்பில் சொன்னபோது ஒருத்தி கூட நம்பவில்லை.

நடந்தது இதுதான். சிலை செய்ய வந்த சிற்பி அண்ணனூரில் எங்கள் தெருவில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். விழாக் குழு அவருக்குக் கொடுத்தது தளபதியின் மார்பளவுப் படம் ஒன்றுதான். மிச்ச உடம்புக்கு எங்கே போவார்? டீக்கடை வாசலில், இடது கைக் கட்டைவிரலை பெல்ட்டில் செருகிக்கொண்டு மாமா நின்றதைப் பார்த்துவிட்டு, கையோடு ஷெட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்த மாமாவுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. கல்யாணம் காதுகுத்து எதற்கும் ஒரு மணி நேரம் நிற்காதவர், ஐந்து ஞாயிறு, இரவல் சீருடையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு களிமண் பொம்மைக்கு எதிரே அசையாமல் நின்றார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டுவது என் வேலை. அதை நான் மிகவும் பொறுப்பாகச் செய்தேன்.

"யாரான்ட்டயும் சொல்லாதே. பெரிய மனுசன் சிலை. காலு எவனுதுன்னு தெரிஞ்சா மரியாதை பூடும்," என்றார் மாமா. தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இரண்டு நாள் தாங்கியது. முதலில் அம்மாவிடம் சொன்னேன், பிறகு வகுப்பில். பக்கத்து பெஞ்சுக்காரி, "அப்போ தல எங்க தாத்தாவுது," என்றாள். அன்றிலிருந்து நான் பொய்க்காரி. விளையாட்டில் கூடச் சேர்க்கவில்லை. சிலை திறக்கும் நாளுக்காக விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. எங்கள் பள்ளியைக் காகிதத் தொப்பியோடு முதல் வரிசையில் நிறுத்தினார்கள். துணி விழுந்தது. கட்டைவிரல் பெல்ட்டில் செருகியபடியே இருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவளோ அலட்சியமாக, "எல்லாரும் இப்டித்தான் நிப்பாங்க," என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து சல்யூட் அடித்தார்கள், வீரர்கள் அடித்தார்கள். கார்கள் கிளம்பின. அப்போதுதான் எதிர்ப்பக்கக் கூட்டத்திலிருந்து என் அம்மா கைப்பிடி உப்பும் மிளகாயுமாகத் தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்தாள். சிலையின் முன்னால் நின்று, அதன் முழங்கால் உயரத்துக்குக் கையைத் தூக்கி, வலமும் இடமுமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"இன்னாமா பண்றே?" என்று ஓடிவந்தார் காவலர்.

"கழுத்துக்குக் கீழ என் தம்பிங்க. இத்தினி பேர் கண்ணு பட்டுகீது. மேல இருக்கறவருக்கு அவுங்க ஊட்ல சுத்திக்கட்டும்."

காவலர் சிலையைப் பார்த்தார். கயிற்றோரம் அதே மாதிரி கட்டைவிரலை பெல்ட்டில் செருகி நின்ற மாமாவைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, "நல்லா மூணு சுத்தா சுத்துமா," என்று தள்ளி நின்றார். என் வகுப்பே மாமாவைப் பார்க்கத் திரும்பியது. பக்கத்து பெஞ்சுக்காரி என் கையைப் பிடித்து, "உங்க மாமா என்கிட்ட பேசுவாரா?" என்று கேட்டாள். அதுபோல ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு வேலை கிடைத்தபோது கூட வரவில்லை.

வீட்டுக்குப் போய் அந்த மிளகாயை அடுப்பில் போட்டபோது நெடியே இல்லை. அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

அதற்கு முன்னால், சிலையடியில் கூட்டம் கலையும்போதே, நான் மட்டும் மாமாவிடம் ஓடினேன். ரகசியத்தை உடைத்ததற்குத் திட்டு விழும் என்றுதான் போனேன். மாமா திட்டவில்லை. கண்ணிரண்டும் நனைந்திருந்தன. ஏன் மாமா என்றேன். "வெயிலுடி," என்றார். நம்பி, என் காகிதத் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன்.

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் மாமா மூன்று முறை ராணுவத்துக்கு ஆளெடுக்கும் இடத்துக்குப் போனவர் என்று கல்லூரிக் காலத்தில்தான் அம்மா சொன்னாள். மூன்று முறையும் ஓட்டத்தில் முதலாக வந்திருக்கிறார். மூன்று முறையும் பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாதங்களுக்கு முன்னால்தான் அன்று வரிசையாக வந்து சல்யூட் அடித்தார்கள். எனக்கு அது வெயிலாகத்தான் தெரிந்தது.