மூச்சை எண்ணியவள்

கல் பட்டறையில் அவனுக்கு எஞ்சின் என்று பெயர். கிரானைட் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. வழியெல்லாம் கதை வேறு அளந்துகொண்டு போவான். அப்படிப்பட்ட ஆள் இப்போது குளியலறைவரை போய் வந்தாலே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். காலமெல்லாம் கல் அறுத்த தூசி நுரையீரலில் படிந்து கெட்டித்துப் போயிருக்கிறது, அதை எடுக்க மருந்தில்லை என்று டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். அவளை மட்டும் டாக்டரம்மா தனியே கூப்பிட்டார்.

"வீட்டுல அவர் மூச்சு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணிப் பாருங்கம்மா. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது. எண்ணுறாங்கன்னு தெரிஞ்சாலே யாருக்கும் மூச்சு மாறிடும். நாடி பாக்கற மாதிரி கையப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சைப் பாருங்க. கூடிக்கிட்டே போனா உடனே கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலமே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னடி, கல்யாணம் ஆன நாள்ல இருந்து இல்லாத பாசம்?"

"கை சூடா இருக்கான்னு பாத்தேன்."

"இருந்தா?"

"இருந்தா அதை வச்சே துணிக்கு இஸ்திரி போட்டுக்கலாமே."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. எண்ணிக்கை விட்டுப்போனது. அன்றோடு அவள் வேடிக்கைப் பேச்சை விட்டாள்.

போகப் போக எது எது அவன் மூச்சை விரட்டுகிறது என்று பிடிபட்டது. காய்ச்சல் விரட்டியது. வயிறு முட்டச் சாப்பிட்டால் விரட்டியது. பட்டறை ஆட்கள் வந்து பழங்கதை பேசினாலும், வெளியூரில் படிக்கும் மகள் போனில் அழுதாலும் விரட்டியது. தூங்கும்போது மட்டும் கொஞ்சம் தணிந்தது. அவள் ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினாள். வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். "அப்பாகிட்ட அழாதடி" என்று மகளை அதட்டினாள். அவன் என்ன சொன்னாலும் சரி என்றாள்.

ஒருநாள் அவன் பொறுக்க மாட்டாமல் கேட்டான். "ஏன்டி எங்கூட சண்டையே போட மாட்டேங்கற? நேத்து வேணும்னுதான் கண்ணாடி டம்ளரைக் கீழ போட்டேன். வாயே தொறக்கல நீ. நான் இன்னும் சாகலடி."

அவள் கத்தினாள். "வேணும்னா போட்டீங்க? பொறுக்கினது யாரு? கால்ல குத்தி ரத்தம் வந்தது யாருக்கு?"

"அப்படிக் கேளு!" என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் அண்ணன் கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதுவரை இழுத்து, பழையபடி ஒரு சண்டை நடந்தது. அவன் நெஞ்சு துருத்திபோல் அடித்துக்கொண்டது. அன்று அவள் எண்ணவில்லை.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு எண்ணி முடியாத வேகத்தில் ஓட, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். முகமூடி வழியே ஆக்ஸிஜன் போனது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க அவன் காற்றை இழுத்தான். அவள் பக்கத்திலேயே இருந்து, இப்போது மறைக்காமலே, எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் எண்ணிக்கை பாதிக்குக் குறைந்திருந்தது. நம்பாமல் மறுபடி எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. புடைத்த நரம்புகள் அடங்கி, கண்மூடிக் கிடந்தான். வராந்தாவுக்கு ஓடி மகளுக்குப் போன் போட்டாள்.

"குறைஞ்சிடுச்சுடி! அசந்து தூங்கறார். நீ பதறாம பரீட்சைய எழுதிட்டு வா."

பிறகு கேன்டீனில் உட்கார்ந்து நிதானமாக ஒரு டீ குடித்தாள். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மாவின் முகம் வெளிறியிருந்தது. "இழுத்து இழுத்து நெஞ்சு களைச்சுப் போச்சும்மா. இழுக்கத் தெம்பில்லாமதான் குறைஞ்சது. கூடினா வாங்கன்னு சொன்னேன். இப்படிக் குறைஞ்சாலும் ஆபத்துன்னு சொல்லாம விட்டுட்டேன்."

மதியத்துக்குள் அவன் போய்விட்டான். கண் திறக்கவே இல்லை.

மகள் பரீட்சை எழுதிய கையோடு வந்து சேர்ந்தாள். "நல்லா இருக்கார்னு சொன்னியேம்மா!"

தையல்காரி டாக்டரைக் கைகாட்டவில்லை. "குறைஞ்சா நல்லதுன்னு நெனச்சிட்டேன்டி," என்றாள். "சந்தோஷமா டீ குடிக்கப் போயிட்டேன்."

உடலை எடுத்துப்போகச் சொல்லி ஆள் வந்து அழைத்தபோது, அம்மா வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்த மகள், கட்டிலுக்கடியில் குனிந்து செருப்பைத் தேடி எடுத்து அவள் காலருகே போட்டாள்.