கடைசி ஆட்டக்காரருக்குப் போட்ட பந்து

யுத்த காலத்தில் நான் சேலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர். எங்கள் வேகப் பந்துவீச்சாளர் ரயிலில் ஃபயர்மேன் வேலை பார்த்தவன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். வாரமெல்லாம் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டு இறுகிய தோள்கள் அவனுக்கு. அவன் ஓடி வரும்போது நான் ஸ்டம்புகளுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி நிற்பேன். அப்படியும் பந்து கையில் விழும்போது முழங்கை வரை அதிரும். திங்கட்கிழமை சாக்பீஸ் பிடிக்கவே கஷ்டமாக இருக்கும். அந்த வலியில் எனக்கு ஒரு பெருமை.

எனக்கு முன்னால் இதே ஊருக்குக் கீப்பராக இருந்தவர் ஓர் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அவர் ஆடிய அணிதான் இந்தப் பக்கத்திலேயே பெரிய அணி என்று பேர். அதில் வேகமாகப் போட்டவர் ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துக்காரர். செருப்பில்லாத காலோடு ஓடி வந்து போடுவாராம். கம்பவுண்டரின் வலது சுண்டுவிரல் மடங்காது. அது ராசிபுரத்துக்காரர் தந்தது என்று சொல்லிக் காட்டுவார்.

ஆட்டம் முடிந்ததும் காபிக் கடையில் நாங்கள் இருவரும் உட்காருவோம். எந்தப் பேச்சில் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். இங்கிலாந்து அணி பெரிதா, ஆஸ்திரேலியா பெரிதா, அந்தக் காலத்து வேகம் பெரிதா, இந்தக் காலத்து வேகம் பெரிதா என்று கண்ணால் பார்க்காத ஆட்டங்களையெல்லாம் பத்திரிகையில் படித்துவிட்டு வாதாடுவோம். கடைசியில் ஃபயர்மேனும் ராசிபுரத்துக்காரரும் மிஞ்சுவார்கள்.

"வாத்தியாரே, எங்காளு போட்ட பந்தை நீங்க பார்த்திருக்கோணும். உங்க பையன் போடறது பந்தே இல்லீங்க" என்பார் கம்பவுண்டர்.

"பார்த்ததோட இல்லைங்க, ஆடியே இருக்கேன். ரெண்டு தரம் எல்லைக்கு அடிச்சேன்" என்பேன்.

அது உண்மை. ராசிபுரத்துக்காரர் ஆட்டத்தை விட்ட வருஷம், நான் புதிதாக மட்டை பிடித்தபோது, அவருடைய ஓர் ஓவரில் இரண்டு பவுண்டரி அடித்திருந்தேன். அதை நான் சொல்லும்போதெல்லாம் கம்பவுண்டர் முகம் சுருங்கும். அதற்காகவே சொல்வேன்.

ஜலகண்டாபுரத்திலிருந்து ஓர் அணி ஆட வந்த அன்றைக்குக் கம்பவுண்டர் ராசிபுரத்துக்காரரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். புளியமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ராசிபுரத்துக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று ஆட்டத்தில் மனம் ஓடவில்லை. மரத்தடியிலேயே கண் இருந்தது. ஃபயர்மேன் விக்கெட்டுகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் பந்து தாழ்வாகவே வந்தது. அவன் வேகத்தை இவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஜலகண்டாபுரத்து அணியில் ஒன்பது பேர் அவுட்டாகிவிட்டார்கள். அவர்கள் ஜெயிக்க வழியே இல்லை. கடைசியாக நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் மட்டையோடு வந்தார். ஆள் பற்றாமல் சேர்த்துக்கொண்டு வந்தவர் என்பது நடையிலேயே தெரிந்தது. மண்தரை மேல் ஆடுகளமாக விரித்திருந்த தேங்காய்நார்ப் பாயைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

எனக்கும் ஃபயர்மேனுக்கும் ஒரு சைகை உண்டு. நான் வலது தோளைத் தட்டினால் பந்தைக் குத்தி மேலே எழுப்ப வேண்டும். நான் தோளைத் தட்டினேன்.

அவன் ஓட ஆரம்பித்து நின்றான். வந்திருப்பவரைப் பார்த்தான். அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். வேண்டாமே என்பதுபோல் இருந்தது முகம். நான் மறுபடியும் தட்டினேன்.

பாயில் குத்திய பந்து நேராக முகத்துக்கு எழும்பியது. அவர் விலகத் தெரியாமல் தலையைத் திருப்பினார். இடது காதில் பட்ட சத்தம் மரத்தடி வரை கேட்டிருக்கும். அவர் உட்காருவதுபோல் சரிந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது.

முதலில் ஓடி வந்தவர்கள் கம்பவுண்டரும் ராசிபுரத்துக்காரரும்தான். ராசிபுரத்துக்காரர் தன் துண்டால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விழுந்தவரின் தலையை மடியில் ஏந்தினார். ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த ஒருவர், "கொலகாரப் பாவி! கடைசி ஆளுக்குப் போடற பந்தாடா அது?" என்று கத்தினார். எங்கள் ஆட்கள்கூட ஃபயர்மேனை முறைத்தார்கள். கம்பவுண்டர் அவனைப் பார்த்து, "இதுதானா உன் வேகம்?" என்று மட்டும் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் கையுறையைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவன் என் பக்கத்தில் வந்தான். "நீங்க சொன்னீங்கன்னுதானே சார் போட்டேன்" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு நடந்து போய்விட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் பேச்சு வந்தபோதெல்லாம் எல்லாரும் அவனைத் திட்டினார்கள். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படி இருந்தேன்.

பிறகு ஒரு விடுமுறை நாளில், பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடிய பஸ்ஸைப் பிடித்து ஜலகண்டாபுரம் போனேன். விசாரித்துக்கொண்டு அவர் வீட்டை அடைந்தேன். உள்ளே மூன்று தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் தம்பியும் தம்பி மனைவியும் ஆளுக்கொரு தறியில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து, "வாங்க வாத்தியாரே, உக்காருங்க" என்று பலகையைத் துடைத்துப் போட்டார். பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைத் தலை குனிந்தபடி சொல்லி முடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்தது அவருடைய இடது பக்கம்.

"ஏனுங்க, ஏதாச்சும் சொன்னீங்களா? இந்தக் காது போயிருச்சுங்க. இப்படி வந்து சொல்லுங்க" என்றார்.

எழுந்து மறுபக்கம் போனேன். தறிச் சத்தத்தில் அந்தக் காதுக்கும் சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "அந்தப் பந்தை அவனாப் போடலீங்க. அவன் வேண்டாம்னு நின்னான். நான்தான் ரெண்டு தரம் சைகை காட்டிப் போடச் சொன்னேன்" என்றேன். தம்பியின் தறி நின்றது. பிறகு அடுத்ததும் நின்றது. தம்பி எழுந்து என் முன்னால் வந்து நின்றான். அவர் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

"அந்தத் தம்பி ஒருதரம் நின்னு என்ற தலைக்கு மேல பார்த்தானுங்க. அப்பவே நெனச்சேன், பொறத்தால யாரோ என்னமோ சொல்றாங்கன்னு."

பிறகு அவராகவே சொன்னார். "ராசிபுரத்துக்காரரையும் நான் ஆடியிருக்கேனுங்க, அந்தக் காலத்துல. எதிர்ப்பக்கம் நின்னு பார்த்திருக்கேன். இந்தத் தம்பியைவிட அவரு வேகம் கூடத்தானுங்க. நல்லா ஆடறவங்களுக்கு அப்படிப் போடுவாரு. நான் மட்டை புடிச்சா மெதுவாப் போடுவாரு. ஆடத் தெரியாதவனுக்கு, புதுசா வாரவனுக்கு எல்லாம் அப்படித்தானுங்க."

நான் அடித்த இரண்டு பவுண்டரிகளும் அப்போது எனக்குப் புரிந்தன.

தம்பி மனைவி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நான் கிளம்பும் முன்பே தம்பி தன் தறியை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது எங்கள் அணியிடம் சொன்னேன். இனி வேறு கீப்பரைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கம்பவுண்டர் அங்கேதான் இருந்தார். என்னைக் காபிக் கடைக்குக் கூப்பிடவில்லை.

அங்கிருந்து நேராக ரயில்வே குடியிருப்புக்குப் போனேன். ஃபயர்மேன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாசல் குழாயடியில் கரியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் ஜலகண்டாபுரம் போனதையும், அணியில் சொன்னதையும் சொன்னேன். மறுபடி ஆட வரச் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

"அவருக்கு இப்ப எப்படி இருக்குது சார்?" என்றான்.

"ஒரு காது கேக்காது."

"சரிங்க" என்றான். சொம்பில் தண்ணீர் மொண்டு கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தான். கரி எப்போதோ போய்விட்டிருந்தது.