வினா எழவில்லை

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மாடி அறை அது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். மனு வாங்க, தட்டச்சு செய்ய, போன் எடுக்க என்றுதான் சேர்ந்தேன். தமிழில் எம்.ஏ. படித்தவள் என்று தெரிந்ததும் பேரவைக்குக் கேள்வி எழுதும் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது.

உறுப்பினர்கள் அரசாங்கத்தை எழுத்து மூலமாகக் கேள்வி கேட்கலாம் என்பது எனக்கே அங்கே போய்த்தான் தெரியும். சில கேள்விகளுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார். மற்றவற்றுக்குப் பதில் காகிதத்தில் வரும். கேள்விக்கு ஒரு வடிவம் உண்டு. அ, இந்தக் குறை இருப்பதை அரசு அறியுமா? ஆ, ஆம் எனில் அதைச் சரிசெய்ய அரசு முன்வருமா? இ, ஆம் எனில் எப்போது? இந்த மூன்று வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் தப்பிக்க முடியாத மூன்று வரி என்று நினைத்தேன். வண்ணாரப்பேட்டையில் பட்டன், நூல் கடை வைத்திருந்த என் அத்தாவிடம் ஒரு நாள் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர், நீ எழுதினால் மந்திரி பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

நெட்டுக்குப்பம் என்ற மீனவ கிராமத்திலிருந்து ஒரு அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். மீன் விற்கிறவர். ஐம்பது வயதிருக்கும். மற்றவர்களைப் போல மனு எதுவும் எழுதிக்கொண்டு வரவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. கோடையில் முழங்கால் தண்ணீர்தான். கடலுக்குப் போகும் படகுகள் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும். மணலில் அடி தட்டி நிற்கும் நேரத்தில் அலை வந்தால் படகு புரண்டுவிடும். அப்படித்தான் அவருடைய தம்பியின் ஃபைபர் படகு புரண்டிருக்கிறது. தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, வீட்டில் படுத்திருக்கிறான்.

"அத்த தோண்டி உடச் சொல்லுமா. வேற ஒண்ணும் வாணாம்," என்றார்.

எங்கள் உறுப்பினர் ஒரு காலத்தில் தொழிற்சாலையில் சங்கத் தலைவராக இருந்தவர். குரல் பெரியது, மனசும் மோசமில்லை. விஷயத்தைச் சொன்னதும், "எழுதுமா, கேட்டுருவோம்," என்றார். அன்று மத்தியானமே எழுதினேன்.

அந்தக் கேள்வி மீனைப் பார்க்கும் துறைக்குப் போயிற்று. இது எங்களுடையது இல்லை, தண்ணீரைப் பார்க்கும் துறையுடையது என்று அவர்கள் அனுப்பிவிட்டார்கள். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. அடுத்த தொடரில் தண்ணீர்த் துறைக்கே நேராக எழுதினேன். முகத்துவாரத்தின் ஒரு பகுதி மாநில அரசின் ஆளுகைக்குள் வராது என்று பதில் வந்தது. அதாவது, தில்லியைக் கேள். மிச்சப் பகுதி யாருடையது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அப்போது அது என்னை உசுப்பிவிடுகிற எரிச்சலாகத்தான் இருந்தது. மாநில அரசின் ஆளுகைக்குள் வரும் பகுதியில் மட்டும் மணல் மேடிட்டுள்ளதா என்று திருத்தி, மறுபடி அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் கோடை போய் மழையும் வந்து நின்றுவிட்டது. உறையைப் பிரித்தபோது அக்கா தற்செயலாக என் எதிரில் உட்கார்ந்திருந்தார். தம்பிக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் விஷயமாக வந்திருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். அ, இல்லை. ஆ, வினா எழவில்லை. இ, வினா எழவில்லை.

"இன்னாமா எழலன்னா?"

மணல் மேடே இல்லை என்று முதல் பதிலில் சொல்லிவிட்டார்கள். அதனால் தோண்டுவீர்களா, எப்போது தோண்டுவீர்கள் என்று கேட்பதற்கே இடமில்லை என்று சொல்கிறார்கள் என விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காகிதத்தை எழுதியவளே நான்தான் என்பது போல இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "என் தம்பி கால் ஒடஞ்சி படுத்துகினு கீறான். அவங்களாண்டேர்ந்து யார்னா வந்து பாத்தாங்களா, இல்ல உக்காந்த எடத்துலயே எழுதிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அந்தத் துறையின் பொறியாளரைப் போனில் பிடித்தேன். பிடிப்பதற்கே நாலைந்து நாள் ஆயிற்று. மரியாதையான மனிதர். பொய் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை. அவரே நேரில் போய்ப் பார்த்துத்தான் அறிக்கை கொடுத்தாராம். அவர் போனது ஐப்பசி மழை வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு போன பிறகு. அந்த நேரத்தில் வாய் அகலமாகத் திறந்துதான் இருக்கும்.

"சார், இன்னும் மூணு மாசத்துல திரும்ப மூடிக்குமே," என்றேன்.

"மூடும் மேடம். ஆனா நீங்க கேட்டது மேடிட்டுள்ளதான்னு. நான் போன அன்னைக்கு இல்ல. இருக்குன்னு நான் எப்படி எழுத முடியும்?"

போனை வைத்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கேள்வி போனது கோடையில், பார்க்கப் போனது மழைக்குப் பின். இடையில் ஆறே மாறிவிட்டது. யாரும் பொய் சொல்லாமலேயே ஒரு பொய்யான பதில் அரசு முத்திரையோடு வந்து சேர்ந்திருந்தது. அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் வந்தது.

பங்குனி பிறந்ததும் உறுப்பினரை விடாமல் நச்சரித்து நெட்டுக்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீனவர்கள் அவரைப் படகில் ஏற்றினார்கள். நானும் அக்காவும் கரையில் நின்றோம். வாய்க்குப் பக்கத்தில் போனதும் படகு அடிதட்டி நின்றுவிட்டது. இன்ஜினைத் தூக்கிவிட்டு ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்த உறுப்பினர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கினார். தண்ணீர் அவருக்கு முழங்காலைக்கூடத் தாண்டவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு காலில் அப்பிக்கொண்டது. கரைக்கு வந்து குழாயடியில் கால் கழுவும்போது, "இத வச்சிகினா இல்லன்னு எழுதிக்கீறானுங்க?" என்றார். மேடைத் தமிழ் எல்லாம் அவருக்கு மறந்து போயிருந்தது.

இந்த முறை அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே கொடுத்தோம். ஒவ்வொரு கோடையிலும் மூடிக்கொள்வதை அரசு அறியுமா என்று எழுதினேன். 'ஒவ்வொரு கோடையிலும்' என்ற சொல்லை அதில் வைப்பதற்குத்தான் இவ்வளவும் ஆயிற்று. பட்டியலில் எங்கள் கேள்வியும் வந்துவிட்டது. உறுப்பினர் எனக்கும் அக்காவுக்கும் பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார்.

அக்கா அன்று பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். கோட்டை வாசலில் சோதனையில் வெற்றிலைப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்வி நேரம் தொடங்கியது. முதல் கேள்வி வேறு மாவட்டத்தில் ஒரு பாலம் பற்றியது. அமைச்சர் பதில் சொன்னார். அதன் மேல் துணைக் கேள்வி கேட்க எழுந்தவர் ஒவ்வொருவரும் முதலில் தங்கள் கட்சித் தலைவரைப் பாராட்டி, பிறகு அமைச்சரைப் பாராட்டி, அதன் பிறகு தங்கள் ஊரில் ஒரு பாலம் கேட்டார்கள். அடுத்த கேள்விக்கும் அப்படியே. நடுவில் யாரோ எதையோ சொல்ல, எதிர்வரிசை எழுந்து நிற்க, அதிலே கொஞ்ச நேரம் போயிற்று. எங்கள் உறுப்பினர் கையில் காகிதத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது மேலிருந்து தெரிந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். அவர் பாதி எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நம்மளுது எப்போ வரும்?" என்று அக்கா என் காதோடு கேட்டார்.

"இன்னைக்கு வராதுக்கா. பேப்பர்ல வரும்."

"பேப்பர்லதான் போன தபா வந்துச்சே."

மாடத்தில் பேசக் கூடாது என்று காவலர் விரலைக் காட்டினார். அது எனக்கு ஒரு சாக்காக இருந்தது. பேருந்தில் திரும்பி வரும்போது, தம்பி காத்துக்கொண்டிருப்பான், என்ன சொல்வது என்று அக்கா கேட்டார். கேள்வியைப் பேரவையில் வைத்துவிட்டார்கள் என்று சொல்லச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. நானும் அந்தப் பொறியாளர் மாதிரியே பேசத் தொடங்கிவிட்டேன் என்பது இறங்கும் இடம் வந்த பிறகுதான் உறைத்தது.

காகிதத்தில் வந்த பதில், கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது என்றது. உறுப்பினர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு, சுவரொட்டி அடிக்கலாமா என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. ஆனால் அந்தக் கோடை முடியும் சமயத்தில் உண்மையிலேயே ஒரு பொக்லைன் வந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காதான் போன் பண்ணிச் சொன்னார். வாயில் ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டினார்கள். அள்ளிய மணலை அப்புறப்படுத்தாமல் ரெண்டு கரையிலும் குவித்துவிட்டுப் போனார்கள். கடல் ஒரு தரம் சீறியதும் அவ்வளவும் சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. எங்கள் கேள்வியால்தான் வண்டி வந்ததா என்று பொறியாளரைக் கேட்டேன். வழக்கமான பராமரிப்புப் பணி என்றார்.

நான் மறுபடி எழுதினேன். வெட்டிய மணலை எங்கே கொட்டினார்கள், மறுபடி எப்போது வெட்டுவார்கள், நிரந்தரமாகக் கல் கொட்டித் தடுப்புக் கட்டுவார்களா என்று கேட்டு அனுப்பினேன். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. பேரவை கலைந்தால் பதில் வராத கேள்விகள் எல்லாம் தாமாகவே காலாவதி ஆகிவிடும் என்பது விதி. எங்கள் உறுப்பினருக்கு இந்த முறை கட்சியில் இடம் கொடுக்கவில்லை. அலுவலகத்தைக் காலி செய்யும்போது கேள்விகளின் நகல்களைக் கட்டி எடுத்துக்கொண்டு புதிய உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவியாளர், என் வயதுக்காரர்தான், நல்லபடியாகப் பேசினார். பழைய காகிதம் வேண்டாம், பாதிக்கப்பட்டவர்களைப் புதிதாக மனு கொடுக்கச் சொல்லுங்கள், முதலிலிருந்து பார்க்கிறோம் என்றார்.

முதலிலிருந்து என்ற சொல்லைக் கேட்டதும் அங்கேயே எல்லாவற்றையும் மேஜையில் போட்டுவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது. போடவில்லை. வீட்டில் இருக்கிறது.

இப்போது நான் ராயபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. அக்காவைக் காசிமேட்டில் மீன் வாங்கப் போகும்போது பார்ப்பேன். தம்பியின் கால் கூடிவிட்டதாம். ஆனால் ஆடும் படகில் ஊன்றி நிற்க முடியவில்லை. படகில் இருந்த பங்கை விட்டுவிட்டு ஒரு கன்டெய்னர் யார்டில் வாசல் காவலுக்குப் போகிறான். "சட்ட, பேன்ட்லாம் போட்டுகினு போறான். என்னாண்ட பேசவே மாட்டேன்றான்," என்றார். நீ எழுதி என்ன ஆச்சு என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன கோடையிலும் அக்கா கூப்பிட்டார். மறுபடி மூடிக்கொண்டதாம். நான் இப்போது எந்த அலுவலகத்திலும் இல்லை, என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம், நீ தெரிஞ்சிக்கணும்னு சொன்னேன் என்றார். அன்று சாயந்திரம் புதிய உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். வேறொரு குரல் எடுத்தது. நான் அ என்று ஆரம்பித்து மூன்றையும் சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றது அந்தக் குரல்.