கலவாவுக்கு எட்டடி போதுமா?

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்தேன். மீன் வாங்க அல்ல. மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க இடம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு இளம் தம்பதி. கடல் மீன் வளர்க்க ஆசைப்பட்டு வந்திருந்தார்கள். கடைக்காரர் காட்டிக்கொண்டிருந்தது விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கலவா. உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய வாய்.

"மூணடித் தொட்டி தாராளமுங்க. உப்பு, மெஷின் எல்லாம் நாங்களே செட் பண்ணிக் குடுத்துருவோம்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியாததா...

"இது வளந்தா எவ்வளவு நீளம் வரும்னு அவங்ககிட்ட சொன்னீங்களா தம்பி?"

கடைக்காரர் என்னையும் என் நனைந்த குடையையும் பார்த்தார். "நீங்க வளத்திருக்கீங்களாம்மா?"

"வளத்திருக்கேன். அறுபதுகள்ல, பெரியநாயக்கன்பாளையத்துல. எட்டடித் தொட்டி."

மூன்று பேரும் மரியாதையாகச் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. மழை விட்டதும் வந்துவிட்டேன். நீங்களாவது நம்புங்கள்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா, நான், கடல் — வீட்டில் நாங்கள் மூன்று பேர் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப்செட் மாட்ட வந்தவர் சூசை. பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு பம்ப் பட்டறை வைத்திருந்தார். பம்ப் ஒரு வாரத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் மட்டும் ஏதேதோ ரிப்பேர் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். ரிப்பேர் எதில் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது.

"கடல் இல்லாத ஊருக்குப் புள்ளயக் குடுக்க மாட்டேன்" என்றார் அப்பா. ஜாதி, மதம், வசதி... எதிலும் அவருக்குக் குறை தெரியவில்லை. கடல்தான் குறை. கோயமுத்தூரில் ஒரு மாதா கோவிலில் எங்கள் கல்யாணம் நடந்தது. அப்பா வரவில்லை.

பெரியநாயக்கன்பாளையம் நல்ல ஊர். வாய் நிறைய 'ங்க' போட்டுப் பேசும் ஜனங்கள். பாசமான புருஷன். குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் காரமடைச் சந்தைக்குப் போனால் என் கால் தானாகக் கருவாட்டுக் கடை முன்னால் போய் நின்றுவிடும். வாங்க மாட்டேன். நிற்பேன். மூச்சை இழுத்து இழுத்து விடுவேன்.

"ஏன் அம்மணி, வேணும்னா வாங்கிக்க. எதுக்குச் சும்மா நின்னுட்டு இருக்கறே?" என்று ஒரு நாள் கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்ல" என்றேன். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவேன். சந்தையில் அழலாமா?

அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அடுத்த தடவை கேரளக் கடற்கரையில் இருக்கும் பொன்னானிக்கு பம்ப் இறக்கப் போன லாரியில் தானும் ஏறிப் போனார். திரும்பி வந்தபோது பாதியாக அறுத்த மரப்பீப்பாய் ஒன்றில் கடல் தண்ணீர். அதற்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரு கலவா. வழியெல்லாம் ஒரு குவளையால் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாராம், தண்ணீருக்குக் காற்று வேண்டுமே என்று. மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"உனக்குத்தான். கண்ணாடித் தொட்டி ஒண்ணு சொல்லியிருக்கறேன். மூணடி. போதுமல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"இது என்ன மீனுன்னு தெரியுமா? ரெண்டு வருஷத்துல என் கை நீளம் வந்துரும். அதுக்கப்புறமும் வளரும்."

அவர் பட்டறைக்காரர் அல்லவா? வாசலில் ஒரு இரண்டடிப் பலகையைக் கொண்டுவந்து போட்டார். "இது மீனுன்னு வெச்சுக்க. எத்தனை எடம் வேணும்?" பலகையைத் தரையில் சுழற்றிப் பார்த்தார்.

"மீன் பலக மாதிரி நின்ன எடத்துல திரும்புமா? வளைஞ்சு, வட்டம் போட்டுல்ல திரும்பும்."

"அப்ப அகலம் நாலடி."

"நீளம்?"

"ஒரு நாலு மீன் நீளமாச்சும் நேராப் போவோணும். எட்டடி." சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். "இப்ப இருக்கற மீனுக்குக் கட்டக் கூடாது அம்மணி. ஆவப்போற மீனுக்குக் கட்டோணும்."

தண்ணீர் விஷயத்தையும் அவரே கண்டுபிடித்தார். அரைப் பீப்பாய்த் தண்ணீர் ஒரே நாளில் கலங்கி நாறியது. தண்ணீர் அதிகமாக இருந்தால் கெடுவதும் மெதுவாகத்தான் இருக்கும், இல்லையா? ஆழம் மூன்றடி என்று முடிவானது.

முன் அறை போயிற்று. வருகிறவர்கள் உட்கார வைத்திருந்த நாற்காலிகள் பட்டறைக்குப் போயின. இரும்புச் சட்டம் உப்பில் துருப்பிடிக்கும் என்பதால் செங்கல், சிமென்ட். முன்சுவர் நடுவில் மட்டும் ஜன்னல் அளவுக்குத் தடித்த கண்ணாடி. சிமென்ட்டின் காரம் போக வாரக்கணக்கில் நல்ல தண்ணீர் நிரப்பி நிரப்பி வடித்தோம். அடியில் மணல். காற்றடிக்க ஒரு குட்டி மோட்டார், ரப்பர் குழாய். அதுவரை, லாரியில் வரும் ஓரிரு குடம் கடல் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற, கலவா அரைப் பீப்பாயிலேயே என்னை முறைத்துக்கொண்டு கிடந்தது.

கடைசியில் தண்ணீர். பம்ப் ஏற்றிக்கொண்டு பொன்னானி போகும் லாரி, பீப்பாய் பீப்பாயாகக் கடலை ஏற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பழனிக் கவுண்டர் வேலியோரம் நின்று பார்த்தார். பாவம், அவர் கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி அலுத்துப் போயிருந்தவர்.

"ஏனுங்க சூசை, என்னுங்க எறக்கறீங்க?"

"தண்ணிங்க."

"நல்லதாப் போச்சுங்க. குடிக்கற தண்ணிங்களா?"

"இல்லீங்க... உப்புத் தண்ணிங்க."

கவுண்டர் தோளிலிருந்த துண்டை உருவினார். "எங்கெணத்துல உப்பூத்து வந்து போடுச்சுன்னு நா அழுதுட்டிருக்கறனுங்க. நீங்க லாரி வெச்சுக் கொண்டாறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் குடும்பத்தோடு மீன் பார்க்க வந்தார் என்பது வேறு விஷயம்.

கலவா வளர்ந்தது. என் காலடிச் சத்தம் கேட்டால் கண்ணாடிக்கு வரும். என் கையிலிருந்து மத்தி வாங்கித் தின்னும். கரண்ட் போனால் நான் குவளையோடு உட்கார்ந்து தண்ணீரை மொண்டு ஊற்றுவேன். ஊற்றும்போது அதனோடு பேசுவேன். எங்கள் ஊர்ப் பேச்சு. வேறு யாரிடம் பேசுவது?

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம். பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார் அப்பா.

தூத்துக்குடிக் கருவாட்டு வியாபாரிகள் காரமடைச் சந்தைக்கு வருகிறவர்கள்தானே? 'உம்ம மருமகன் லாரியில கடலக் கொண்டு போறாராம்' என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க இருக்கு?" என்றார். காட்டினேன். தொட்டியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது நம்ம கடல் இல்ல."

பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு ஓடிவந்த என் கணவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். "இல்லீங்க மாமா. பொன்னானித் தண்ணிங்க. தூத்துக்குடி தூரமா போச்சுங்க."

அப்பா குனிந்து மீனைப் பார்த்தார். "மூக்கு தேஞ்சிருக்கு. சுவத்துல உரசுது."

எங்களுக்கும் தெரியும். அந்த மாதம்தான் கவனித்திருந்தோம். அதோடு, கலவா இப்போதெல்லாம் ஒரு மூலையிலேயே கிடந்தது. "பக்கத்து ரூம் செவுத்த இடிச்சுப்போட்டு பன்னெண்டு அடி ஆக்கலாம்னு இருக்கறனுங்க" என்றார் இவர்.

"அதுக்கப்புறம்?"

இவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். அப்பா பதிலுக்காகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

வீட்டில் அன்றைக்கு மீனுக்கென்று வாங்கிய மத்திதான் இருந்தது. அதில் குழம்பு வைத்தேன். அப்பா இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலையைக் குனிந்தபடியே, "மெலிஞ்சிட்ட புள்ள" என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் அப்பா பஸ் ஏறும்போது கேட்டேன். கேட்காமல் எப்படி விடுவது? "அப்பா... நான் ஊருக்கு வரட்டுமா?"

"மீனக் கொண்டுட்டு வா. நம்ம கடல்ல விட்ருவோம்" என்றார்.

அந்த மனிதருக்கு 'நீ வா' என்று நேராகச் சொல்ல வரவில்லை. எனக்குப் புரிந்தது. குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பீப்பாயை எடுத்து வையுங்கள், போத்தனூரில் ரயிலேறிவிடலாம் என்றேன் கணவரிடம்.

அவர் கலவாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது பொன்னானி மீனு அம்மணி. தூத்துக்குடில கொண்டுபோய் உட்டா அதுக்கும் வெளியூருதானே?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெளியூர் என்றால் என்னவென்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த லாரியில் பொன்னானி போனோம். முழுப் பீப்பாயில் கலவா, பக்கத்தில் குவளையோடு நான். அங்கேயும் கடல்தான். ஆனால் எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து வரும், அங்கே கடலுக்குள் போகிறது. இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் பீப்பாயைச் சாய்த்தோம். கலவா கொஞ்ச நேரம் என் முழங்காலருகிலேயே நின்றது. ஒரு வட்டம் போட்டது. எங்கும் இடிக்கவில்லை. பிறகு காணவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் குவளை என் மடியில் சும்மா கிடந்தது.

அந்த வாரமே போத்தனூரில் ரயிலேறி, வழியில் வண்டி மாறி, தூத்துக்குடி போனேன். வெறுங்கையோடு. அப்பா கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மீன் எங்க?"

"அதோட ஊர்லயே விட்டுட்டோம்பா. அவர்தான் சொன்னாரு."

வலையிலிருந்து கையை எடுத்தார். "அவரு சொன்னாரா?" என்றார். வலையை மடித்து வைத்துவிட்டு, "அப்ப அந்த ரூம்பு காலியாத்தான் கிடக்கும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்தார்.

அதற்குள் தொட்டியை இடித்து, அதே இடத்தில் ஒரு கட்டில் போட்டிருந்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்று காலையில் முறையிட்டார். படுக்கை சரியில்லையா? குளிரா? "சத்தமே இல்லியே புள்ள. எப்படித்தான் தூங்குறீங்க?"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மறுபடி படுத்துப் புரண்டுகொண்டிருந்தார். என் கணவர் பரணிலிருந்து காற்று மோட்டாரை இறக்கினார். ஒரு வாளியில் தண்ணீரை நிரப்பிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். ரப்பர் குழாயை உள்ளே விட்டு ஸ்விட்சைப் போட்டார். வாளி களகளவென்று பேச ஆரம்பித்தது.

"என்னது தம்பி?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்லீங்க மாமா. தூங்குங்க."

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. கதவோரம் நின்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்று அப்பாவும் இல்லை, அவரும் இல்லை. போன வாரம் அந்த மீன் கடைக்குள் அதே களகளச் சத்தம் கேட்டது.

கடற்கரையில் பிறந்த மனுஷனைத் தூங்க வைக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். மீனுக்குத்தான் போதாது.