மாதம் ஒரு போட்டோ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தைத்து வரும் ஷூக்களைச் சரிபார்ப்பது என் வேலை. எங்கள் தெரு சலீம் பாய் எத்தியோப்பியாவில் தோல் தொழிற்சாலையில் இருக்கிறார். அவர் மூலமாக அங்கே ஒரு கிராமத்துச் சிறுமிக்கு கம்பெனியில் எங்கள் லைன் பெண்கள் சேர்ந்து பள்ளிக் கட்டணம் கட்டிவந்தோம். பொறுப்பு என்னுடையது.

ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் சரக்குக்கு லாட்டுக்கு லாட் எங்களிடம் போட்டோ கேட்பார். அந்தப் பழக்கத்தில் நானும் மாதாமாதம் யூனிஃபார்மோடு அவள் போட்டோ வேண்டும் என்றேன். தாமதமானால், "இன்னாக்கா, போட்டோ வர்லியா? பொண்ணு நெஜமாவே படிக்குதா?" என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் சலீம் பாயை நச்சரிப்பேன்.

ஒருநாள் அவர் போனில் வெடித்தார். "ஏம்மா, அந்த ஊர்ல சிக்னலே இல்லியாம். டவுன் கடையில போட்டோ எடுத்து அனுப்ப அப்பனும் பொண்ணும் நாள் பூரா நடந்து வர்றாங்க. இந்த வாட்டி பரீட்சையே போச்சு. நேத்துதான் எனக்கே தெரியும்."

அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. லைன் பெண்களிடம் சொல்லத் தைரியமில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். மாதப் போட்டோ இனி வேண்டாம் என்று எல்லோருமாக முடிவு செய்தோம்.

இப்போது வருடத்துக்கு ஒரு மார்க் ஷீட் மட்டும் வருகிறது, அதுவும் பள்ளியிலிருந்து. பழைய போட்டோக்களை அழிக்கவில்லை. எல்லாவற்றிலும் முழங்கால்வரை செம்மண், காலில் செருப்பில்லை. பொழுதெல்லாம் ஷூவில் குறை தேடும் எங்களில் ஒருத்திகூட அவள் காலைப் பார்க்கவில்லை.