அண்ணனுக்குச் செய்த சவரம்

பழைய சவரக்கத்திகளைச் சேர்த்து, அலகில் பொறித்த பெயரைக் கொண்டு அவற்றைச் செய்தவர்கள் யாரென்று தேடுவது என் பழக்கம். போன வாரம் ஹட்டனில் ஒரு பழைய சாமான் கடையில் கத்தியொன்றை விரித்தேன். கறுத்த கொம்புப் பிடி. அப்பாவின் கத்திக்கும் அதே பிடிதான்.

அந்தக் கத்தியைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. வட்டவளையில் மூன்று நாள் அடைமழை. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்து அண்ணனை மூடிவிட்டது. மறுநாள் காலையில்தான் உடலைத் தோண்டி எடுத்தார்கள். பாதை உடைந்திருந்ததால் சவரம் செய்ய ஆள் வர வழியில்லை. அப்பா தன் கத்தியை எடுத்தார். அண்ணன் எத்தனையோ தடவை கேட்டும், "ஒன் கல்யாணத்தன்னைக்குத் தர்றேன்டா" என்று சொல்லிக் கொடுக்காமல் வைத்திருந்த கத்தி அது.

நான் சோப்பைக் குழைத்துக் கொடுத்தேன். அம்மா அண்ணனின் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

"மெதுவா இழுங்க. அவனுக்குக் கூசும்" என்றாள்.

அப்பா இழுத்தபோது கத்தி வழுக்கி அண்ணனின் தாடையில் கீறல் விழுந்தது.

"ஐயோ, வெட்டிட்டேனே!" என்று பதறித் துண்டை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். துண்டில் ரத்தமே இல்லை. அதுவரை அழாதிருந்த அப்பா அப்போதுதான் வாய்விட்டுக் கதறினார்.

புதைக்கும்போது அந்தக் கத்தியை அண்ணனின் கையருகே வைத்துவிட்டார்.

கடைக்காரரிடம் கத்தியை மடக்கிக் கொடுத்தேன். எத்தனையோ கத்திகளைச் செய்தவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். அண்ணனோடு போனதில் யார் பெயர் இருந்தது என்று அன்று நான் பார்க்கவில்லை.